ஆகு நைனாவின் கொப்பரை

உலகத்திலேயே மிக மெதுவாகச் சமைத்த மனிதர் திருத்தணியில்தான் இருந்தார். இதை யாராவது மறுத்தால் நான் சண்டைக்குத் தயார். அவர் கரியில் நெருப்பு வைத்த நேரத்தில் மெட்ராஸில் ரயிலேறிய ஒருவர் பெங்களூர் போய்ச் சேர்ந்து, கல்யாண வீட்டில் மூன்று வேளை சாப்பிட்டு, தாம்பூலப் பையோடு திரும்பி வந்து எட்டிப் பார்த்தாலும் கறி வெந்திருக்காது.

அவருக்கு ஊரில் வழங்கிய பெயர் ஆகு நைனா. ரேஷன் கார்டில் வேறு ஏதோ ஒரு பெயர் இருந்தது. ரேஷன் கடைக்காரரே அதை மறந்துவிட்டு, “ஆகு நைனா, சக்கரை வந்துட்ச்சு” என்றுதான் கூப்பிடுவார்.

நைனா என்றால் அப்பா, அதென்ன ஆகு? தெலுங்கில் ஆகு என்றால் ‘நில், பொறு’. தமிழில் ஆகு என்றால் ஆகிவிடும். எல்லைப் பக்கம் அல்லவா, இரண்டு பாஷையும் ஒரே வாயில் குடியிருந்தன. பசியோடு வந்தவன், “இன்னா நைனா, ஆச்சா?” என்பான். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் “ஆகு” என்பார். வந்தவன் தமிழ்க்காரனாக இருந்தால், இதோ ஆகப்போகிறது என்று உட்கார்ந்துவிடுவான். தெலுங்குக்காரன் வீட்டுக்குப் போய் ஒரு தூக்கம் போட்டுவிட்டு வருவான். இருவருக்கும் ஒரே நேரத்தில்தான் இலை விழும்.

எழுபதுகளின் நடுவில் நான் விசைத்தறி உதிரி பாகம் விற்கும் ஒரு மெட்ராஸ் கம்பெனியின் பிரதிநிதி. பொதட்டூர்பேட்டை, ஆர்.கே.பேட்டை என்று டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்ப் பல்சக்கரம் விற்றேன். தங்குவதற்குத் திருத்தணியில் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு காம்பவுண்டில் அறை. அதே காம்பவுண்டின் பின் போர்ஷனில் நைனா, அவர் சம்சாரம் காந்தம்மா, ஒரே மகள் சுகுணா. வீட்டுக்காரர் சுத்த சைவம். ஆனால் அவர் அரக்கோணத்தில் இருந்தார். புகை அவ்வளவு தூரம் போகவில்லை.

நைனாவுக்கு ஒரு சாயப்பட்டறையில் வேலை. லுங்கி நூலுக்குச் சாயம் காய்ச்சும் அடுப்புகளில் நெருப்பு ஏறாமல் இறங்காமல் பார்த்துக்கொள்வது. ஆறு நாள் அடுத்தவன் நெருப்பு. ஞாயிற்றுக்கிழமை சொந்த நெருப்பு.

இந்தச் சொந்த நெருப்புக்குப் பின்னால் ஒரு யுத்தமே இருந்தது. அந்தக் காலத்தில் பர்மா எல்லையில் ரோடு போடப் போன கூட்டத்தில் அவர் சமையல் ஆள். பக்கத்து டேராவில் அமெரிக்கப் பட்டாளம். அதில் ஒரு கறுப்பர். “ஆறரை அடி சாரே. நம்ம ஊரு ஐயனார் எந்திரிச்சு நின்னா எப்படி, அப்படி கீறார்” என்பார் நைனா. அந்த ஐயனார் ஞாயிற்றுக்கிழமைகளில் பன்றியின் தோள் கறியை ஓர் இரும்புப் பீப்பாயில் வைத்து மூடி, கரி நெருப்பில் நாள் முழுக்க வேகவிடுவாராம். சாயங்காலம் கத்தியே வேண்டாம். விரலால் இழுத்தால் நூல் நூலாக வருமாம். அதற்குப் பெயர் ‘புல்டு பார்க்’ என்று நைனா எல்லோரிடமும் சொன்னார். தெருவில் பாதிப் பேர் அது அமெரிக்காவில் இருக்கிற ஒரு பூங்கா என்றும், நைனா அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தவர் என்றும் கடைசி வரை நம்பினார்கள்.

பீப்பாய்க்குப் பதிலாக அவர் கண்டுபிடித்தது பட்டறையில் கழித்துப் போட்ட இரண்டு சாயக் கொப்பரைகள். ஒன்றுக்கு மூன்று கால் வைத்தார். இன்னொன்றை அதன்மேல் கவிழ்த்து மூடியாக்கினார். அடியில் ஒரு துளை, அதை அடைக்க ஓட்டுச்சில்லு. மேலே ஒரு துளை, அதை அடைக்க டப்பா மூடி. உள்ளே கறியை வைக்கக் கம்பித் தட்டு வேண்டுமே? ஒரு ஞாயிற்றுக்கிழமை காந்தம்மா சமையலறைக்குள் போனார். ஜன்னல் இருந்தது, கம்பி இல்லை. பால் பாத்திரத்தருகே பூனை இருந்தது.

கரியைக் கண்டபடி கொட்டமாட்டார். வேலிகாத்தான் கரியைக் கொப்பரையின் ஓரமாக வளைத்து, ரயில் பெட்டிகள் மாதிரி ஒன்றையொன்று தொட்டு அடுக்குவார். ஒரு முனையில் மட்டும் நெருப்பு. அது டிக்கெட் பரிசோதகர் மாதிரி பெட்டி பெட்டியாக மெதுவாக நகரும். இடையிடையே வாசனைக்கு ஒரு கொய்யாக் கட்டை. மிளகாய், வெல்லம், கல்லுப்பு, மிளகு எல்லாம் அரைத்துப் பூசின கறி, நெருப்பின் தலைக்கு மேலே அல்ல, எதிர்ப்பக்கம் இருக்கும். மூடியைக் கவிழ்த்ததும் ஒரு திண்டுக்கல் பூட்டு. சாவி இடுப்புக் கயிற்றில். சூடு பார்க்க மூடியில் உள்ளங்கையை வைத்து “ஒகட்டி, ரெண்டு, மூடு” என்று தெலுங்கில் எண்ணுவார். எட்டு வரை கை தாங்கினால் சரியான சூடு. ஐந்திலேயே கையை எடுத்தால் ஓட்டுச்சில்லை நகர்த்துவார். சமையலறையில் யாராவது சத்தமாகப் பேசினால் எண்ணிக்கை தப்பிவிடும், மறுபடி ஒகட்டியிலிருந்து ஆரம்பம்.

பக்திக்கும் குறைவில்லை. கிருத்திகை, செவ்வாய், வெள்ளி என்றால் வெறும் மோர்தான், படியேறிக் கும்பிட்டுவிட்டு வருவார். கொப்பரைக்குப் பக்கத்தில் ஒரு மூங்கிலில் துண்டு கட்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அது மலைப்பக்கம் பறந்தால் நெருப்பு கிடையாது. “சாமிக்கு நம்ம புகை இன்னாத்துக்கு?” என்று கறியை உப்புத் தண்ணீரில் போட்டுவிட்டுப் படுத்துவிடுவார்.

முதல் முதலாக அந்தக் கொப்பரையில் வெந்த கறி மயில் கழுத்து நிறத்தில் வந்தது. சாயம் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. யாரும் தொடவில்லை. நைனா மட்டும், “பன்னெண்டு மணி நேரம் வெந்தது, வீணாக்கலாமா?” என்று ஒரு துண்டைத் தின்றார். மூன்று நாள் நாக்கும் உதடும் நீலம். அப்படியே மலையேறப் போனவரை அடிவாரத்தில் வெளியூர்க்காரர் ஒருவர் விழுந்து கும்பிட்டதாகக் கேள்வி. அதற்கப்புறம் ஒரு மாதம் புளியும் செங்கல் பொடியும் போட்டுக் கொப்பரையைத் தேய்த்தார். காந்தம்மாவிடம் பாத்திரம் துலக்கப் புளி இல்லாமல் போயிற்று.

ஒரு நாள் சானிட்டரி இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்து இறங்கினார். யாரோ மொட்டைக் கடுதாசி போட்டிருந்தார்கள்.

“இன்னாய்யா இது புகை? மூடியைத் தெற!”

“ஆகு சார்.”

“யோவ், நான் கவர்ன்மென்ட்டுய்யா!”

“கறிக்கு அது தெரியுமா சார்? ஒரு தபா தெறந்தா அரை மணி நேரம் பின்னால போய்டும். குந்து சார்.”

காலை ஒன்பதரைக்குக் குந்தினார். பதினொன்றுக்குத் தொப்பியைக் கழற்றினார். ஒரு மணிக்குச் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். மூன்று மணிக்குத் தன் மச்சான்கள் தனக்குச் செய்த துரோகங்களை வரிசையாகச் சொல்லிக் கண் கலங்கினார். ஐந்தரைக்கு இலை விழுந்தது. அடுத்த ஞாயிறு குடும்பத்தோடு வந்தார்.

இப்படி இருக்கையில் நான் ஒரு நல்ல காரியம் செய்யப்போய் மாட்டிக்கொண்டேன்.

ஆர்.கே.பேட்டையில் முனிரத்தினம் என்று ஒரு தறி மெக்கானிக். என்னிடம் பல்சக்கரம் வாங்குகிறவன், தங்கமான பையன். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வந்தவன் வாசனை பிடித்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டான். கறிக்குக் காத்திருந்த ஏழு மணி நேரத்தில் சுகுணாவின் தையல் மெஷினைக் கழற்றி மாட்டினான். மெஷினில் ஒரு கோளாறும் இல்லை என்பது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அடுத்த ஞாயிறும் மெஷின் ரிப்பேர். மூன்றாவது ஞாயிறு நானே இரண்டு வீட்டிலும் பேச்சை எடுத்தேன்.

பிறகுதான் அவன் அப்பாவின் உத்தியோகம் தெரிந்தது. அவர் கனகம்மாசத்திரத்தில் பஸ் டைம் கீப்பர். அவர் விசில் ஊதினால் டிரைவர் பாதி டீயை டம்ளரோடு விட்டுவிட்டு ஓடுவார். அவர் பேச்சில் ‘சுமார்’, ‘ஏறக்குறைய’ என்ற வார்த்தைகளே கிடையாது. பெண் பார்க்க வந்த அன்று நாலு மணி ஏழு நிமிஷத்துக்கு, “பொண்ணு புடிச்சுது” என்றார். நாலு பத்துக்கு அடுத்த உத்தரவு போட்டார்.

“வர்ற ஞாயித்துக்கெழம கை நனைக்கறோம். பையன் சொல்றானே ஒரு கறி, அதான் வேணும். பன்னெண்டே முக்காலுக்கு இலை. நாலரைக்கு ராகு காலம். அதுக்குள்ள தட்டு மாத்திடணும். ஒரு நிமிஷம் முன்ன பின்ன இருக்கக் கூடாது.”

கை நனைப்பது என்றால் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் முதல் முதலாகச் சாப்பிடுவது. சாப்பிட்டால் சம்மதம். சாப்பிடாமல் எழுந்து போனால் அதோடு சரி.

“பன்னெண்டே முக்காலா?” என்று நான் நைனாவைப் பார்த்தேன். அவர் ஆனந்தத்தில் மிதந்துகொண்டிருந்தார். தன் கறியை ஒருவர் கேட்டு வாங்கிச் சாப்பிடப் போகிறார்!

“ஏமண்டி, கோழிக் கொழம்பு ஒண்ணும் சேத்து வெச்சிடலாமே” என்றார் காந்தம்மா.

“பாவா கேட்டது கொப்பரைக் கறி. கோழியை வெச்சு அவரை அவமானப்படுத்தறியா?”

சம்பந்தியை அவர் அப்போதே ‘பாவா’, அதாவது மச்சான், ஆக்கிவிட்டார். அந்த மரியாதைக்காகவே வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பெரிய தோள் கறியைச் சொல்லி வைத்து வாங்கினார். சனிக்கிழமை சாயங்காலம் தூறல் போட்டுக் கரி நமுத்துப்போனது. ஞாயிறு விடியற்காலை நாலு மணிக்கு ஊத ஆரம்பித்தவருக்கு ஆறு மணிக்குத்தான் முதல் பெட்டியில் நெருப்பு பிடித்தது.

பன்னிரண்டு நாற்பத்து நாலுக்கு டைம் கீப்பர் சம்சாரத்தோடும் மகனோடும் காம்பவுண்டு கேட்டுக்கு வந்துவிட்டார். ஒரு நிமிஷம் முன்னதாக வந்துவிட்டதால் வெயிலிலேயே நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்து, சரியாக முக்காலுக்கு உள்ளே காலெடுத்து வைத்தார்.

“வா பாவா, வா!”

“இன்னும் பாவா இல்ல. தட்டு மாத்தினப்புறம்தான் பாவா. இப்போ சார்.”

“சரிங்க சார், பாவா.”

“ஆச்சா?”

“ஆகு.”

டைம் கீப்பர் தமிழ்க்காரர். திருப்தியாகத் தலையாட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஒரு மணி. ஒன்றரை. நைனா ஒரு சைக்கிள் ஆரக்கம்பியை மேல் துளை வழியாக விட்டுக் கறியில் குத்தி, எடுத்து உதட்டில் வைத்துப் பார்த்தார். முகம் மாறியது. என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“சாரே, கறி குந்திக்கிச்சு.”

இதை நான் விளக்க வேண்டும். பாதி வெந்ததும் இந்தக் கறி அடம் பிடிக்கும். மணிக்கணக்காகச் சூடு ஏறாது. உள்ளே ஈரம் வியர்த்து வியர்த்து வெளியே வந்து தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளும். அப்போது நெருப்பைக் கூட்டினால் ரப்பர் ஆகிவிடும். அவுட்டர் சிக்னலில் நின்ற ரயில் மாதிரி, அதுவாகப் புறப்பட்டால்தான் உண்டு.

“எவ்ளோ நேரம் நைனா?”

“அது இஷ்டம்” என்றார்.

காந்தம்மா முன்ஜாக்கிரதைக்காரர். விடிவதற்கு முன்பே ஒரு அண்டா புளிசோறு கிளறி என் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார். “அவருக்குத் தெரிஞ்சா மனசு ஒடிஞ்சுடும் சார். ஆனா பசின்னு ஒண்ணு கீதே” என்றார்.

இரண்டு மணிக்கு மாப்பிள்ளையின் அம்மா, என் அறையில் இருக்கும் காலண்டரைப் பார்க்க வேண்டும் என்று வந்தார். கட்டிலுக்கு அடியில் இருப்பதை ஜாடையாகக் காட்டினேன். அந்த அம்மாள் சட்ட நுணுக்கம் தெரிந்தவர்.

“இது பொண்ணு வூடா, வேற வூடா தம்பி?”

“வாடகை வேற, வாசல் வேறம்மா.”

“அப்ப கை நனைச்சதாவாது” என்று சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

அடுத்தது முனிரத்தினம். வாய் நிறையப் புளிசோறோடு அவன் இருக்கும்போது சுகுணா தண்ணீர்ச் சொம்போடு வந்தாள். அவன் எழுந்து மரியாதையாக ஏதோ சொல்லப்போய் ஒரு வேர்க்கடலை அவள் புடவையில் போய் விழுந்தது. அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “மொதல்ல முழுங்குங்க” என்று சொல்லிவிட்டு ஓடிப்போனாள். 

மூன்று மணிக்கு வாசல் இருண்டது. நைனா! காந்தம்மா கரண்டியோடு கதவுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டார். நான் அண்டாவைப் பார்த்தேன். நைனாவும் அண்டாவைப் பார்த்தார். உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார்.

“சாரே, காத்தாலருந்து பச்சைத் தண்ணி பல்லுல படல. ரெண்டு கை போடு. எங்க வூட்ல சொல்லிடாத.”

போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். மூன்றாவது கவளத்தில், “கடையில வாங்கினியா? உப்பு கம்மி” என்றார்.

“உப்பு கம்மியா!” என்றது கதவு.

அந்தக் கதவுக்கும் நைனாவுக்கும் நடந்த சம்பாஷணையை நான் எழுதுவதற்கில்லை. முக்கால்வாசி தெலுங்கு.

வெளியே டைம் கீப்பர் ஒருவர்தான் பட்டினி. அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. “தண்ணி குடிக்க எல்லாரும் இன்னாத்துக்கு அந்த ரூமுக்கே போய்கினு வராங்க?” என்றார். அந்த நேரம் பார்த்து அவர் சம்சாரம் ஒரு ஏப்பம் விட்டார். டைம் கீப்பர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நாலு பஸ் பிரேக் போட்டிருக்கும்.

நாலு மணி மூன்று நிமிஷம். டைம் கீப்பர் எழுந்து நின்றார்.

“மூணு மணி நேரம் பதினெட்டு நிமிஷம். என் சர்வீஸ்ல ஒரு வண்டி இவ்ளோ லேட்டானதில்ல. சொன்ன சோத்தை சொன்ன நேரத்துக்குப் போட முடியாத வூட்ல பொண்ணு எடுத்து நான் இன்னா பண்றது? ஏம்மா, கெளம்பு.”

காந்தம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். முனிரத்தினம், “நைனா, இன்னும் கொஞ்சம்…” என்று தன் அப்பாவிடம் ஆரம்பித்து, அவர் பார்த்த பார்வையில் அப்படியே நிறுத்தினான். இந்தச் சம்பந்தத்தைப் பேசினவன் நான்.

எல்லோரும் நைனாவைப் பார்த்தோம். அவர் கொப்பரையை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு நின்றார். சானிட்டரி இன்ஸ்பெக்டருக்குத் திறக்காத மூடி. ஒரு தடவை அடைமழையில் கொப்பரைக்குக் குடை பிடித்து, தான் நனைந்து, காய்ச்சலில் கிடந்தபோதும் திறக்காத மூடி.

அப்போது சுகுணா உள்ளேயிருந்து வந்தாள். புதுப் புடவை, முகமெல்லாம் புகை.

“நைனா, தெறக்காத.”

“அம்மாடி…”

“இன்னிக்கு நேத்திக்கா நீ இத செய்ற? காலங்காத்தால எந்திரிச்சு ஊதிகினு கீற. அவங்களுக்குப் பொறுமை இல்லன்னா போகட்டும். எனக்கு ஒண்ணும் நஷ்டமில்ல. நீ தெறக்காத.”

குரல் நிமிர்ந்துதான் இருந்தது. ஆனால் சொல்லிக்கொண்டே அவள் கண் வாசல் பக்கம் போனது. அங்கே முனிரத்தினம் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான். ஒரு காலுக்கு இன்னொரு காலின் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான்.

நைனா அவள் கண்ணைப் பார்த்தார். அது போன இடத்தைப் பார்த்தார். இடுப்புக் கயிற்றில் கையை விட்டுச் சாவியை எடுத்தார். பூட்டில் சாவி இரண்டு முறை வழுக்கியது.

“குந்து சார்” என்றார் டைம் கீப்பரிடம். “இலை போடறேன்.”

மூடி திறந்தது. வந்த வாசனையில் டைம் கீப்பரின் மூக்கு தன்னிச்சையாக உயர்ந்தது. கறி வெளியே கருகருவென்று பிரமாதமாகத்தான் இருந்தது. நைனா கத்தியை எடுத்தார். அவர் அந்தக் கறிக்குக் கத்தி எடுத்து நான் பார்த்தது அது ஒரு முறைதான். உள்ளங்கையளவு ஒரு துண்டை அறுத்து இலையில் வைத்துவிட்டு, மூடியைப் போட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

நாலு பதினாலுக்கு டைம் கீப்பர் துண்டை வாயில் போட்டார். பசி, முழுசாகப் போட்டார். மென்றார்.

நாலு பதினேழு. மென்றார். தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தோம். வெற்றிலை, பாக்கு, தேங்காய், புடவை எல்லாம் தயார். 

நாலு இருபது. மென்றார். தாடை எலும்பு காதுவரை ஏறி இறங்கியது. வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாற்றினார். துண்டு அப்படியே முழுசாக மாறியது.

நாலு இருபத்து நாலு. அவர் கையைத் தூக்கிக் கடிகாரத்தைக் காட்டி எங்களை அவசரப்படுத்தினார். எங்களை அவசரப்படுத்தி என்ன பிரயோஜனம்? ‘பொண்ணைக் கொடுத்தோம்’, ‘எடுத்தோம்’ என்று இரண்டு அப்பாக்களும் வாயால் சொன்னால்தானே தட்டு மாற்ற முடியும்? இவர் வாயில் இடமில்லை.

“துப்பிடுங்களேன்” என்றார் அவர் சம்சாரம்.

கை நனைக்க வந்த வீட்டில் துப்புவதா? டைம் கீப்பர் பயங்கரமாகத் தலையை ஆட்டினார்.

“அப்ப முழுங்கிடுங்க!”

அவர் முயற்சி செய்தார். கண் பிதுங்கியது. முயற்சியைக் கைவிட்டார்.

நாலு இருபத்தெட்டு. முனிரத்தினம், “எடுத்தோம்னு தலையையாவது ஆட்டு நைனா!” என்று தன் அப்பாவிடம் கெஞ்சினான். அவர் மெல்லும்போது தலை மேலும் கீழும் ஆடியது, பக்கவாட்டிலும் ஆடியது. எதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது?

நாலு முப்பது. ராகு காலம் பிறந்தது. அவர் மென்றுகொண்டிருந்தார்.

நாலு முப்பத்திரண்டுக்குத் துண்டு உள்ளே போனது. பதினெட்டு நிமிஷம் ஒரே துண்டை மென்ற மனிதர் என்ன சொல்லுவார்? காந்தம்மா சாமி படத்தைப் பார்த்துக் கையெடுத்தார்.

டைம் கீப்பர் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்தார். தாடையைத் தடவிக்கொண்டார்.

“ருசி நல்லா கீது” என்றார்.

நாக்கால் பல்லை ஒரு சுற்று துழாவினார்.

“மொதல்ல ஒண்ணும் தெர்ல. ஒரு அஞ்சு நிமிஷம் கழிச்சு வெல்லம் வந்துது. அப்பால புகை. பத்தாவது நிமிஷத்துக்கு மேல இன்னாமோ ஒண்ணு வந்துது, இன்னான்னு சொல்லத் தெர்ல. ஆனா வேவல.”

“வேவலதான்” என்றார் நைனா, திரும்பாமலே. “நீ அவசரப்படுத்தின.”

“ஆங். நான்தான்.” டைம் கீப்பர் கடிகாரத்தைப் பார்த்தார். “ராகு காலம் ஆறு மணி வரைக்கும். அதுவரைக்கும் நல்லது ஒண்ணும் பண்ணக் கூடாது. குந்திகினுதான் இருக்கணும். அதுக்குள்ள வேவுமா?”

நைனா இப்போதுதான் திரும்பினார். உள்ளங்கையை மூடியில் வைத்து எண்ணினார். எட்டு வரை வந்தது. ஆரக்கம்பியை விட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“சாரே,” என்று என்னைப் பார்த்துச் சொன்னார், “கறி எந்திரிச்சுட்ச்சு!”

டைம் கீப்பர் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொப்பரைக்குப் பக்கத்தில் போட்டார். இருவரும் அருகருகே உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவரும் மூடியில் கையை வைத்தார். “ஒண்ணு, ரெண்டு, மூணு…” மூன்றில் கையை உதறினார். “பாத்து, பாத்து” என்று நைனா அவர் கையைப் பிடித்து ஊதினார். ஐந்தரை மணிக்கு டைம் கீப்பர் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். கனகம்மாசத்திரத்தில் இதைச் சொன்னபோது ஒரு கண்டக்டர்கூட நம்பவில்லை.

ஆறு மணிக்கு மேல், எத்தனை நிமிஷம் என்று யாரும் பார்க்கவில்லை, நைனா பூட்டைத் திறந்தார். நடு எலும்பின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

“புடிச்சு இழு” என்றார்.

டைம் கீப்பர் காலை ஊன்றி, பல்லைக் கடித்து, ரிப்பேராகி நின்ற பஸ்ஸை இழுப்பவர் மாதிரி தயாராகி இழுத்தார். எலும்பு வெண்ணெயிலிருந்து விரல் வருவதுபோல வந்துவிட்டது. மனிதர் எலும்பும் கையுமாகப் பின்னால் போய் என்மேல் விழுந்தார். 

நைனா இரண்டு முள்கரண்டியால் கறியை இழுத்தார். நூல் நூலாகப் பிரிந்தது. முனிரத்தினம் ஒரு நூலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “அறுபதாம் நம்பர் நூலு!” என்றான். சுகுணா இந்தத் தடவை சிரிப்பை அடக்கவில்லை. தட்டு மாற்றினார்கள். இலை விழுந்தது. புளிசோறு சாப்பிட்டவர்கள் எல்லோரும் சாப்பிடாதவர்கள் மாதிரி சாப்பிட்டோம். டைம் கீப்பர் தலை நிமிராமல் இலையைக் காட்டி, “பாவா, இன்னும் கொஞ்சம் போடு” என்றார். நைனா போடவந்த கையோடு அப்படியே நின்று, தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். புகை என்றார்.

தையில் கல்யாணம் நடந்தது. முகூர்த்தத்துக்குப் பெண் வீட்டார் எத்தனை மணிக்கு மண்டபத்தில் இருக்க வேண்டும் என்று டைம் கீப்பர் கேட்டனுப்பவே இல்லை. சுகுணா ஆர்.கே.பேட்டைக்குப் போனாள். தையல் மெஷினும் போனது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, நான் மெட்ராஸுக்குக் கிளம்பிப் பெட்டியோடு வெளியே வந்தேன். பின்பக்கம் கொய்யாப் புகை. சொல்லிக்கொண்டு போகலாம் என்று போனேன். நைனா முக்காலியில் உட்கார்ந்து மூடியில் கை வைத்திருந்தார். அன்று கறி வாசனை இல்லை. மூடிக்குப் பூட்டும் இல்லை. நான் மெதுவாகத் தூக்கிப் பார்த்தேன். நெருப்பு பெட்டி பெட்டியாக நகர்ந்துகொண்டிருந்தது. தட்டில் ஒன்றுமே இல்லை.

“கறி எங்க நைனா?”

“வாங்கல சாரே” என்றார். “ரெண்டு பேருக்கு எவ்ளோ வாங்கறதுன்னு தெர்ல.”

எனக்கு மறுநாள் காலை கம்பெனியில் முக்கியமான வேலை இருந்தது. பெட்டியைக் கீழே வைத்து, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டேன். கரி தீர்கிற வரைக்கும் நாங்கள் இருவரும் அந்த வெறும் கொப்பரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.